சத்தமில்லாத பெட்டி

பழந்தமிழில் மிடி என்றால் வறுமை. இன்று இசை செய்யும் இளைஞர்கள் வாயில் புழங்கும் மிடி வேறு. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்த ஒரு மொழி அது. இரண்டு சொல்லுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் ஒரு மிடி கீபோர்டு கண்ட்ரோலரை மேசையில் வைத்து, கணினியோடு இணைக்காமல் அதன் கட்டைகளை அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் தட்டுப்படும் சத்தம்தான் கேட்கும். ஒலி விஷயத்தில் அது பரம ஏழை.

இதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் பதில் சொல்ல யூடியூபில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இருக்கிறார்கள். 25 கட்டையா 61 கட்டையா, பேட் எத்தனை, குமிழ் எத்தனை, எந்த மென்பொருள் இலவசமாக வருகிறது. எல்லாம் உபயோகமான தகவல்தான். ஆனால் ஒரு நாவலை மதிப்பிடும்போது தாளின் தரத்தையும் அட்டையின் கனத்தையும் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வோமா? அந்த நாவல் மனிதர்களை என்னவாக நினைக்கிறது என்று கேட்போம். ஒரு வாத்தியமும் அப்படித்தான். சங்கீதம் என்றால் என்ன என்பதைப் பற்றி அதற்கு ஒரு கருத்து இருக்கிறது. அந்தக் கருத்து கட்டைகளின் அகலத்திலும், சக்கரத்தின் ஸ்பிரிங்கிலும், மென்பொருள் திறந்ததும் திரையில் வரும் எண்களிலும் ஒளிந்திருக்கிறது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் அந்த ஒளிவிடம் கொஞ்சம் பழக்கம்.

அந்தக் கருத்தை உரசிப் பார்க்க நான் எடுத்துக்கொள்ளும் மண் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருப்பது. ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை. எழுத்தில் நிற்கும் பாட்டுக்கும் தொண்டையில் நிற்கும் பாட்டுக்கும் உள்ள தகராறு, ஒரு வாத்தியம் பாட்டிடம் தோற்பது, வெளியூர்ப் பெட்டி ஒன்று நம்முடையதாவது, இவை மூன்றுமே இந்த வட்டாரத்தில் பழைய கதைகள்.

மூன்று எண்கள்

1983 ஜனவரியில் ஒரு வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் புராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் இன்னொன்றும் ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் இரண்டும் ஒரே மொழியில் பேசிக்கொண்டன. அதன் பின்னால் இருந்த டேவ் ஸ்மித், இகுடாரோ ககேஹாஷி இருவருக்கும் முப்பது ஆண்டு கழித்து, 2013இல், தொழில்நுட்பத்துக்கான கிராமி கிடைத்தது.

அந்த மொழி மிக எளிமையானது. நீங்கள் ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் போகும். ‘அழுத்தப்பட்டது, இந்த வாய்க்காலில்’ என்பது முதல் எண். எந்தக் கட்டை என்பது இரண்டாவது. 0 முதல் 127 வரை, நடு ஸி 60. எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது மூன்றாவது, அதுவும் 127 வரைதான். கையை எடுத்தால் இன்னொரு மூன்று எண். அவ்வளவுதான் பேச்சு. மூன்று எண்களும் பழைய ஐந்து முள் கேபிளில் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகும்.

வேகம் என்று சொன்னதைக் கவனியுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் படும், மற்றது பிறகு. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துக் கருவி உங்கள் விரலின் பலத்தை ஊகிக்கிறது. இரண்டாவது முனை தொட்ட பிறகு விரலுக்கு வேலை இல்லை. இனி அந்த ஸ்வரம் உங்களுடையது அல்ல. கணினிக்குள் இருக்கும் ஒலியுடையது.

பியானோவுக்கு இது நியாயம். சுத்தியல் கம்பியை அடித்துவிட்டுத் திரும்பிவிடும். அதன் பிறகு பியானோக்காரரும் அந்த ஸ்வரத்தை வளைக்க முடியாது. கீபோர்டு என்ற உருவமே பியானோவிடமிருந்தும் ஆர்கனிடமிருந்தும் வந்தது. அதனால் சங்கீதம் என்பது ஸ்வரங்களின் தொடக்கங்கள் என்று அது நினைக்கிறது. நாகஸ்வரக்காரரிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார். அவருக்கு ஸ்வரம் தொடங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம். மூச்சு, உதடு, துளையைப் பாதி மூடும் விரல் எல்லாம் ஸ்வரத்தின் உடம்பில் நடக்கின்றன. மூன்று எண்ணில் அந்த உடம்புக்கு இடமில்லை.

எருக்கத்தம்புலியூர்

விருத்தாசலத்துக்குத் தெற்கே இராஜேந்திரப்பட்டினம் என்ற ஊர் இருக்கிறது. பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதையில் இந்த ஊருக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறக்கிறார்கள். செல் அரித்தது போக மிஞ்சியதை எடுக்கிறார்கள். கதையை இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு நாம் கைதட்டிவிடுகிறோம். ஆனால் புராணம் அங்கே முடியவில்லை. ஏடு கிடைத்தது, பாட்டு கிடைக்கவில்லை. சொல் இருக்கிறது; எந்தப் பண்ணில் எப்படிப் பாடுவது என்பது இல்லை. அதற்காக எருக்கத்தம்புலியூருக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் அங்கே இருக்கிறாள். அவளைக் கொண்டு பண் அடைவு வகுக்கப்படுகிறது.

வரலாறாக இது எவ்வளவு நிற்கும் என்பது வேறு விவாதம். கதையாக அது சொல்லும் விஷயம் துல்லியமானது. அரண்மனையும் கோயிலும் சேர்ந்து காப்பாற்றியது எழுத்தை. இசையைக் காப்பாற்றியது ஒரு குடும்பத்தின் தொண்டையும் கையும். எழுத்தைச் செல் அரிக்கும். தொண்டையை வேறு ஏதாவது அரிக்கும். ஒன்று மற்றதற்கு மாற்று ஆகாது.

மிடி கோப்பு என்பது அந்த ஏடுதான். எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகம் என்று எழுதி வைக்கும். ஒரு முழுப் பாட்டின் மிடி கோப்பு சில பத்து கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒலி அதில் இல்லை. திறந்து வாசிக்க வேண்டுமென்றால் ஒலி வேறெங்கிருந்தாவது வர வேண்டும்: ஒரு மென்பொருள் சிந்தஸைசரிலிருந்து, அல்லது யாரோ ஒரு கலைஞரை உட்கார வைத்து ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிவு செய்த சாம்பிள் தொகுப்பிலிருந்து. அதாவது ஒவ்வொரு மிடி பாட்டுக்கும் ஓர் எருக்கத்தம்புலியூர் தேவைப்படுகிறது. கண்ட்ரோலர் வாங்குபவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கட்டைகளுக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டு, பண் சொல்லும் பெண்ணை இலவசமாக எதிர்பார்க்கிறோம்.

அதே யாழ்ப்பாணரைப் பற்றிப் பெரியபுராணத்தில் இன்னொரு கதை இருக்கிறது. சிதம்பரம் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிய நூல் என்பதால் அதுவும் இந்த வட்டாரக் கணக்கில் சேரும். பாணரின் தாய் பிறந்த ஊர் தருமபுரம். அங்கே உறவினர்கள், சம்பந்தர் பாட்டு பரவுவதற்குப் பாணரின் யாழ்தான் காரணம் என்று பெருமை பேசுகிறார்கள். பாணருக்குப் பதறிவிடுகிறது. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடிக் காட்டுங்கள் என்று சம்பந்தரிடம் அவரே கேட்கிறார். சம்பந்தர் பாடுகிறார். யாழில் வரவில்லை. பாணர் யாழை உடைக்கக் கை ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து, யாழைக் கையில் வாங்கி, வந்த அளவுக்கு வாசி என்கிறார். அந்தப் பண்ணுக்கே யாழ்மூரி என்று பெயர் நின்றுவிட்டது.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். வீணையில் ஒரே தந்தியை மெட்டில் வைத்து இழுத்து அடுத்த ஸ்வரத்தைத் தொடலாம். யாழில் அந்த வசதி குறைவு. குரல் வளைந்த இடத்துக்கு நரம்பு வரவில்லை என்று கதையைப் படிக்க இடம் இருக்கிறது. அப்படிப் படித்தால், நிலையான ஸ்தானம் கொண்ட வாத்தியத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட முதல் விமர்சனம் இதுவாக இருக்கலாம். எனக்கு அதில் பிடித்தது தீர்ப்பு. வாத்தியத்தின் எல்லையை ஊரறியச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் உடைக்க வேண்டாம்.

பெட்டிக்குத் தடை

இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தீர்ப்பை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. 1940 மார்ச் முதல் தேதி அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. வானொலியிலேயே வேலை பார்த்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார். ஆனந்த குமாரசாமியும் தாகூரும்கூட அந்த வாத்தியத்துக்கு எதிர்ப்பக்கம்தான். தடை 1971இல்தான் தளர்ந்தது.

குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, அதன் ஸ்வர ஸ்தானங்கள் மேற்கத்திய சம பங்கீட்டில் வெட்டப்பட்டவை. தம்புராவின் நாதத்தில் தானாக எழும் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து ஏறத்தாழ 386 செண்ட் தொலைவில் இருக்கிறது. ஆர்மோனியத்தில் அது 400. பதினான்கு செண்ட் வித்தியாசம். கேட்டுப் பழகிய காதுக்கு அது உறுத்தும். இரண்டு, கமகம் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பாதை கிடையாது.

இரண்டும் உண்மை. ஆனால் தடை அநியாயம். வானொலி நிலையத்தில் நுழைய முடியாத அதே பெட்டி இங்கே கூத்துக் களரியில் விடிய விடிய வாசித்துக்கொண்டிருந்தது. கடலூர், விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தில் முகவீணை, மிருதங்கம், தாளத்தோடு ஆர்மோனியமும் உட்கார்ந்துவிட்டது. நடிகர் எட்டுக்கட்டையில் கத்தினாலும் ஈடு கொடுக்கும், மழைத் தூறலுக்கும் புழுதிக்கும் தாங்கும், ஒரே ஆள் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். இன்று முகவீணை இல்லாமலும் கூத்து நடக்கிறது. ஆர்மோனியம் இல்லாத கூத்து அபூர்வம்.

இன்னொரு வேடிக்கை. உங்கள் சுருதி என்ன என்று எந்தப் பாடகரையும் கேளுங்கள். ‘ஒரு கட்டை’, ‘அஞ்சரைக் கட்டை’ என்பார். அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டை. வெள்ளைக் கட்டைகளை எண்ணி ஸிக்கு ஒன்று, ஜிக்கு ஐந்து. நடுவில் கறுப்புக் கட்டை இருந்தால் அரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை, அதனால் மூன்றரைக் கட்டை என்று சொல்வதில்லை. ஆர்மோனியத்தை மேடையிலிருந்து இறக்கிய சங்கீதம் தன் குரலை இன்றும் ஆர்மோனியக் கணக்கில்தான் அளக்கிறது. விரட்டப்பட்ட வாத்தியம் அளவுகோலாகத் திரும்பி வந்துவிட்டது.

அதனால் ‘மிடி கீபோர்டு நம்ம சங்கீதத்துக்கு ஆகாதுப்பா’ என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. 1940இலேயே அந்த வாக்கியம் சொல்லப்பட்டுவிட்டது. அதிலிருந்து என்ன கிடைத்தது என்று பார்த்தால் முப்பத்தொரு வருஷத் தடைதான்.

தோடியின் காந்தாரம்

ஆர்மோனியத்தின் இரண்டு குற்றங்களும் மிடி கண்ட்ரோலருக்கு அப்படியே பொருந்துமா? இங்கேதான் அதன் ஏழ்மை உதவிக்கு வருகிறது. ஆர்மோனியத்தின் ரீட் பித்தளையில் வெட்டப்பட்டது. சுரண்டினால்தான் ஸ்தானம் மாறும். மிடியில் 60 என்பது வெறும் எண். அந்த எண் வந்தால் எந்த அதிர்வெண்ணில் ஒலிக்க வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. காந்தாரத்தைப் பதினான்கு செண்ட் இறக்குவது ஒரு நிமிட வேலை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தில் போட்ட சுருதிக் கணக்கையும், மட்டக்களப்பிலிருந்து வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் இரண்டாண்டு தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்தர் யாழ் நூலில் போட்ட கணக்கையும் உள்ளே ஏற்றிக் கேட்டுப் பார்க்கலாம். விபுலானந்தர் அறிவியல் பட்டதாரி. வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளுக்கு என்ன அளவு இருந்திருக்கும் என்று இலக்கியத்தையும் கணிதத்தையும் வைத்துத் தேடினார். நூல் 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டு மறைந்தார். அவர் பக்கம் பக்கமாகப் போட்ட பின்னங்களை இன்று ஒரு கல்லூரி மாணவன் ஒரு சிறு உரைக்கோப்பாக எழுதி, உடனே காதால் கேட்டுவிட முடியும். இந்த வட்டாரத்தில் இசை படிப்பவர்கள் மிடியை எடுத்துச் செய்ய வேண்டிய முதல் வேலை இது என்று எனக்குத் தோன்றுகிறது. சினிமா பீட் போடுவது பிறகு.

ஆக, முதல் குற்றம் இன்று கருவியின் குற்றம் இல்லை, சோம்பலின் குற்றம்.

இரண்டாவது குற்றம் கடினமானது. தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரண காந்தாரம் ஏட்டில் ஒரு ஸ்வரம். பாடும்போது அது ஓர் இடத்தில் நிற்பதே இல்லை; கீழே சுத்த ரிஷபத்தின் பக்கமும் மேலே சுத்த மத்யமத்தின் பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும். கீபோர்டில் அந்தக் கட்டையைச் சும்மா அழுத்தினால் வருவது தோடி இல்லை. யாரோ தோடியைப் பற்றிச் சொன்ன தகவல்.

இதற்கென்று கண்ட்ரோலரின் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது: பிட்ச் பெண்ட். ஸ்வரத்துக்கு 128 படிதான் என்று கஞ்சத்தனம் பண்ணிய மிடி, இதற்கு மட்டும் 16,384 படி கொடுத்தது. பெரும்பாலான கருவிகளில் அதன் ஆரம்ப எல்லை மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு. தோடியின் காந்தாரத்திலிருந்து இரண்டு கீழே போனால் சுத்த ரிஷபம். இரண்டு மேலே போனால் சுத்த மத்யமம். யாரும் நம்மை நினைத்து வைத்த எண் இல்லை. தற்செயலாக அச்சாகப் பொருந்துகிறது. வலது கை ஒரே கட்டையைப் பிடித்திருக்க, இடது கை சக்கரத்தை ஆட்டினால் தோடியின் நிழலாவது வரும். பழகப் பழக நிழலுக்குக் கொஞ்சம் உடம்பு வரும். கே. சத்யநாராயணன் போன்றவர்கள் கீபோர்டில் முழுக் கர்னாடகக் கச்சேரியே செய்கிறார்கள்.

இப்போது கடைக்குப் போய்ப் பாருங்கள். சிறிய 25 கட்டைக் கருவிகள் பலவற்றில் சக்கரமே கிடையாது. அகாய் எம்பிகே மினியின் சில மாடல்களில் நாலு பக்கமும் சாயும் ஒரு ஜாய்ஸ்டிக். ஆர்ட்டூரியா மினிலேபில் தொட்டு நகர்த்தும் பட்டை. படுக்கையறையில் பீட் செய்பவருக்கு இரண்டும் போதும். கமகம் பழக நினைப்பவருக்குப் போதாது. குட்டை ஜாய்ஸ்டிக்கில் கட்டைவிரல் நகரும் தூரம் ரொம்பக் குறைவு. பட்டையில் விரல் வைத்த இடத்துக்கு ஸ்வரம் குதித்துவிடும். சக்கரத்தில் ஓர் எதிர்ப்பு இருக்கிறது. வீணைத் தந்தியை இழுக்கும்போது விரல் உணரும் எதிர்ப்பின் ஏழைத் தம்பி அது. விலைப்பட்டியலில் ஒரு வரியாகக்கூட வராத இந்தச் சக்கரம்தான் நம் பக்கத்து ஆளுக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சக்கரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஒரு வாய்க்காலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்தையும் சேர்த்து வளைக்கும். ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை மட்டும் ஆட்ட முடியாது. 2018இல் தரமாக ஏற்கப்பட்ட எம்பிஇ முறை இதற்கு ஒரு வழி சொன்னது: ஒவ்வொரு விரலுக்கும் தனி வாய்க்கால். ரோலி சீபோர்டு போன்ற ரப்பர்ப் பரப்புக் கருவிகளில் அழுத்திய பிறகும் விரலுக்கு வேலை இருக்கிறது, நகர்த்தலாம், அமுக்கலாம். அதற்கும் முன்னாலேயே ஏ.ஆர். ரஹ்மான் கண்டினியம் என்ற, கட்டையே இல்லாத, நீளமான பரப்பை வாசித்திருக்கிறார். 2009இல் வந்த டெல்லி-6 படத்தில் அதன் ஒலி இருக்கிறது. விலைதான் பிரச்சினை. அங்கே பழைய தமிழ் மிடியே வந்து குறுக்கே நிற்கும்.

கட்டத்துக்குள் காலம்

தயாரிப்புப் பக்கம் இன்னொரு கதை. 1986இல் புன்னகை மன்னனில் இளையராஜா கணினி வழி கோத்த இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ரோஜா வந்தபோது அந்த வழி ராஜபாட்டை ஆகிவிட்டது. இன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் மடிக்கணினியும் சின்ன கண்ட்ரோலரும் வைத்திருப்பவர் அதே முறையில்தான் வேலை செய்கிறார். இது பெரிய ஜனநாயகம், சந்தேகமே இல்லை. ஸ்டுடியோவுக்கு சென்னை போய்க் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

ஆனால் மென்பொருளைத் திறந்ததும் என்ன வருகிறது? பெரும்பாலும் வேகம் 120, தாளம் நாலுக்கு நாலு, ஸ்தானம் சமபங்கீடு, வளைவு இரண்டு. கொஞ்சம் பிசகி வாசித்தால் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் குவாண்டைஸ் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில். மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒன்று தெரியும்: பயனர்களில் பெரும்பகுதி ஆரம்ப அமைப்பைத் தொடுவதே இல்லை. அதனால் ஆரம்ப அமைப்பு என்பது யோசனை இல்லை, கிட்டத்தட்ட உத்தரவு. கூத்தில் போர்க் காட்சி நெருங்க நெருங்க வேகம் ஏறும். யாரும் அதை எண்ணி ஏற்றுவதில்லை. அடவும் மிருதங்கமும் ஒன்றையொன்று துரத்தும். மிஸ்ர சாபு ஏழு எண்ணிக்கையில் நொண்டி நடக்கும். இவை எதுவும் மென்பொருளில் முடியாதவை அல்ல. கேட்டால் செய்யும். கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதில் கூலி விஷயமும் இருக்கிறது. நாகஸ்வரத்தின் சாம்பிளைக் கட்டையில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வாசிக்கிறார்கள். கோயில்களில் மோட்டார் முரசு வந்தபோது தவில்காரருக்கு என்ன ஆனதோ அதுவேதான் இங்கேயும். மோட்டார் தாளத்தைக் கெடுத்தது என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை. அது ஒருவரின் மாதச் சம்பளத்தையும் எடுத்துக்கொண்டது. கண்ட்ரோலரைக் குற்றவாளி ஆக்க நான் தயாரில்லை. அதில் எந்த ஒலியை ஏற்றுகிறோம், அந்த ஒலிக்குச் சொந்தக்காரர் பக்கத்துத் தெருவில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்பது வாசிப்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கீபோர்டு நாகஸ்வரம் நாகஸ்வரத்தைப் போல இல்லாமல் இருப்பதைவிட, கேட்பவர்களுக்கு அந்த வித்தியாசம் மறந்துபோவதுதான் எனக்குப் பயம்.

மேடையில்

திருவிழா மேடைக்கு வேறு கணக்கு. கண்ட்ரோலருக்குத் தனியாக நிற்கத் தெரியாது. மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், கேபிள் என்று ஒரு குடும்பமே கூட வரும். அதில் யார் சுணங்கினாலும் மேடை அமைதியாகிவிடும்.

முதல் சிக்கல் தாமதம். மென்பொருளின் பஃபர் 128 சாம்பிள் என்றால் ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட். 512 என்றால் 11.6. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும். அதாவது 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்தைக் கேட்பது மாதிரி. சமாளிக்கலாம். 1024க்குப் போனால் 23 மில்லிசெகண்ட். கை ஓரிடத்திலும் தாளம் ஓரிடத்திலுமாகிவிடும்.

இரண்டாவது கரண்ட். ஜெனரேட்டர் மாற்றும் அந்த ஒரு நொடியில் யூஎஸ்பியில் தொங்கும் கருவி இணைப்பை உதறிவிடலாம். கடற்கரை ஊரில் உப்புக் காற்று தொடுமுனைகளைத் தின்னும். கொஞ்ச நாளில் சில கட்டைகள் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் 127 என்று கத்தும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பிறகு கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் இந்த மாவட்டத்தில் ஒலிக்கக்கூடிய ஒரே கீபோர்டு, துருத்தி வைத்த பழைய பெட்டிதான்.

மெல்லிசைக் குழுக்காரர்கள் கண்ட்ரோலரைத் தவிர்த்து, உள்ளேயே ஒலி வைத்திருக்கும் யமஹா, ரோலண்டு, கோர்க் கீபோர்டுகளையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். சென்னைப் பையன்கள் அதைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைக்கலாம். எனக்கு அது அனுபவம் எழுதிய விமர்சனமாகத்தான் படுகிறது.

சரி, எதை வாங்குறது?

மேடைதான் முதல் வேலை என்றால், கண்ட்ரோலரை மட்டும் வாங்காதீர்கள். ஒலி உள்ளேயே இருக்கும் 61 கட்டைக் கீபோர்டு வாங்குங்கள். அதிலும் மிடி வெளியீடு இருக்கும், வீட்டில் கணினியோடு இணைத்தால் அதுவே கண்ட்ரோலர். டிரான்ஸ்போஸ் பொத்தான் இருட்டில் கைக்கு எட்டுமா என்று பாருங்கள். பாடுகிறவர் கட்டையை மாற்றிவிட்டுத்தான் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

அறையில் உட்கார்ந்து தயாரிப்பதுதான் வேலை, இடமும் பணமும் குறைவு என்றால் 25 கட்டை போதும். பேட் நன்றாக இருக்கட்டும். நம் தாளம் அங்கேதான் நடக்கும். பேட் ஒன்றுதான் இந்தக் கருவியில் பியானோவின் வாரிசு இல்லாத பகுதி.

ராகம் பழக வேண்டும் என்றால் 49 அல்லது 61 கட்டை, பெரிய கட்டை, உண்மையான சக்கரம். அழுத்திய பிறகும் அழுத்தத்தை உணரும் ஆஃப்டர்டச் கிடைத்தால் விடாதீர்கள். 88 கட்டை, கனமான சுத்தியல் விசை எல்லாம் பியானோ படிப்பவர்களுக்கு. கமகத்துக்கு அவற்றால் பயனில்லை. நாகஸ்வரம், புல்லாங்குழல் மாதிரி நீளும் ஒலி உங்கள் தேவை என்றால், கட்டையைவிட ஊதும் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பணம் வையுங்கள். மிடியில் மூச்சுக்கென்று இரண்டாம் எண் கட்டுப்பாடு முன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாம்தான் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை.

கடையில் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் ஸி மேஜர் கார்டு ஒன்றை அழுத்துகிறார்கள். எந்தக் கருவியிலும் அது நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே செய்யப்பட்டது. நீங்கள் தோடியின் காந்தாரத்தை ஒரே கட்டையில் ஆட்டிப் பாருங்கள். பிறகு வளைவு எல்லையைப் பன்னிரண்டாக மாற்றி ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு போட்டுப் பாருங்கள். முதல் தடவை அசிங்கமாகத்தான் இருக்கும். எந்தக் கருவியில் அசிங்கத்துக்குக் காரணம் உங்கள் கை என்று தோன்றுகிறதோ அதை வாங்கலாம், பழகினால் சரியாகும். கருவியே காரணம் என்று தோன்றினால் வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கி வந்த அன்றே ஆரம்ப அமைப்புகளை மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள்: உங்கள் கட்டை, உங்கள் தாளம், உங்கள் காந்தாரம். பிறகு பக்கத்தில் எங்காவது ஓதுவாரோ, நாகஸ்வரக்காரரோ, கூத்தில் பெட்டி வாசிப்பவரோ இருப்பார். தேடிப் போய்க் கொஞ்சம் கேளுங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.